மோகனசுந்தரத்தின் சிரிப்பு

செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள். 1979ஆம் ஆண்டு அதே நாளில்தான் திருச்சியில் எம்.ஆர். ராதா மறைந்தார். தலைவரின் பிறந்த நாளில் தொண்டரின் நினைவு நாள் வருவதால் ஆண்டுதோறும் மாலைகள் ஓரிடத்திலேயே குவிந்துவிடுகின்றன. நடிகவேள் பற்றி நாலு வரி எழுதினால் அதுவே அதிகம் என்ற நிலை. அவரைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சங்கராபுரத்தில் இருந்துகொண்டு எழுதுவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அது பின்னர் வரும்.

அண்மைக் காலத்தில் தமிழ்த் திரையில் அவல நகைச்சுவை என்றொரு வகை செல்வாக்குப் பெற்றிருக்கிறது. 'சூது கவ்வும்' (2013) படத்தில் நேர்மையான அமைச்சரின் வீட்டிலேயே ஊழல் வாரிசு முளைத்து, கடைசியில் அவனே பதவிக்கு வருகிறான். 'கோலமாவு கோகிலா' (2018) படத்தில் தாயின் மருத்துவச் செலவுக்காக மகள் போதைப்பொருள் கடத்துகிறாள். அரங்கம் சிரிக்கிறது. இவ்வகைப் படங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஹாலிவுட்டிலிருந்து வேர் தேடுகிறார்கள். அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. 1954 தீபாவளிக்கு வெளியான 'ரத்தக்கண்ணீர்' நம் கையருகே இருக்கிறது. அதில் நடித்தவரின் வாழ்க்கையோ அப்படத்தைக் காட்டிலும் வினோதமானது.

மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன் என்பதன் சுருக்கமே எம்.ஆர். ராதா. 1907இல் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். தந்தை படைவீரர், முதல் உலகப் போரில் மாண்டார். பள்ளிப் படிப்பு என்று சொல்லத்தக்கது ராதாவுக்கு வாய்க்கவில்லை. சாப்பாட்டில் இன்னொரு மீன் துண்டு கேட்டதால் தாயுடன் ஏற்பட்ட பிணக்கில் வீட்டைவிட்டு வெளியேறினார் என்பது அவரே சொன்ன கதை. எழும்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சிறுவனை நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் தம்மோடு அழைத்துப்போனார். ஒரு மீன் துண்டு கூடுதலாகக் கிடைத்திருந்தால் தமிழ் நாடக வரலாற்றில் ஓர் அத்தியாயம் இல்லாமல் போயிருக்கும்.

அக்காலத்து பாய்ஸ் கம்பெனிகள் பள்ளிக்கூடமாகவும் சிறையாகவும் ஒருசேர விளங்கின. சிறுவர்கள் அங்கேயே உண்டு, உறங்கி, அடிபட்டு, பாடம் கேட்டு வளர்ந்தார்கள். விடிய விடிய நாடகம், பகலில் ஒத்திகை. ராதா நடிப்போடு நிற்கவில்லை. மின்விளக்கு அமைப்பதும், மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்பதும், மேடையைக் கட்டுவதும் கற்றுக்கொண்டார். இந்த மெக்கானிக் புத்தி அவருடைய நடிப்பிலும் தெரியும் என்பது என் எண்ணம். ஒரு வசனத்தை எங்கே கழற்றினால் சிரிப்பு உதிரும், எந்த ஆணியை முடுக்கினால் அரங்கம் அமைதியாகும் என்பதைக் கைப்பழக்கமாக அறிந்தவர் அவர். தடித்த குரலில் தொடங்கிய வாக்கியம் நடுவழியில் கீச்சுக் குரலுக்குத் தாவும், மீண்டும் இறங்கும். ஒரே உடம்பில் இரண்டு பேர் வழக்காடுவது போலிருக்கும். வேறொரு நடிகர் செய்தால் அது வெறும் மிமிக்ரியாகிவிடும்.

1937இல் 'ராஜசேகரன்' படத்தின் மூலம் திரைக்கு வந்தார். அப்படத்தில் துணிச்சலாக எதையோ செய்யப்போய்க் காலை முறித்துக்கொண்டார். இன்னும் சில படங்கள் வந்தன. பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. மேடைக்கே திரும்பினார். அடுத்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் திரைப்பக்கம் வரவில்லை. அந்த ஆண்டுகளில்தான் ராதா உண்மையில் ராதாவானார்.

ஈரோட்டுத் தொடர்பும் பெரியாரின் இயக்கமும் அவருடைய நாடகங்களின் திசையை மாற்றின. 'இழந்த காதல்', 'விமலா அல்லது விதவையின் கண்ணீர்', 'போர்வாள்', கருணாநிதி எழுதிய 'தூக்குமேடை' என்று ஊர் ஊராகக் கொட்டகை போட்டார். 'தூக்குமேடை' நாடகத்தின்போதுதான் கருணாநிதிக்குக் கலைஞர் என்னும் பட்டத்தை ராதா வழங்கினார். ராதாவுக்கு நடிகவேள் பட்டத்தைத் தந்தவர் பட்டுக்கோட்டை அழகிரி. இவற்றுள் எனக்கு மிகவும் வியப்பளிப்பது 'லட்சுமிகாந்தன்'. நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பணம் பறித்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944இல் சென்னையில் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று, பின்னர் விடுதலையானார்கள். ஊரே பேசிக்கொண்டிருந்த அந்தக் கொலையை ராதா மேடையேற்றினார். நடித்ததோ கொலையுண்ட பத்திரிகையாளனின் வேடம். வம்பு எழுதுகிறவன், வம்பை வாங்கிப் படிக்கிறவர்கள், மறைக்க ஏதோ வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் என மூன்று தரப்பையும் ஒரே கதையில் மாட்டிவிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான களம் வேறு கிடைத்திருக்காது.

ராமாயணத்தைக் கேள்விக்குள்ளாக்கும் நாடகத்தை அவர் போட்டபோது எதிர்ப்பு கடுமையானது. மனம் புண்படுகிறவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே அறிவித்துவிட்டு நாடகம் நடத்தினார். கல் விழுந்தது; தடை வந்தது; கைது வந்தது. 1954இல் சென்னை மாகாண அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ராதாவை மனத்தில் வைத்தே அச்சட்டம் இயற்றப்பட்டது என்று அன்றும் இன்றும் பேசப்படுகிறது. ஒரு நடிகரைக் கட்டுப்படுத்தப் பிறந்ததாகக் கருதப்படும் அச்சட்டம் அவர் இறந்த பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013ஆம் ஆண்டுதான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. நாடகம் போட முன்கூட்டியே காவல் நிலையத்தில் பிரதியைக் கொடுத்துக் காத்துக்கிடந்த எத்தனையோ குழுக்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்காது.

அதே 1954இல் 'ரத்தக்கண்ணீர்' திரைக்கு வந்தது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, படமாவதற்கு முன்பே ராதா பல ஆண்டுகள் மேடையில் நடித்துப் பழகிய நாடகம் அது. கிருஷ்ணன் - பஞ்சு இயக்கினார்கள். நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் தயாரித்தார். 'பராசக்தி'யின் இயக்குநர்களும் தயாரிப்பாளருமேதான்.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. சீமையில் படித்துத் திரும்பிய செல்வந்தன் மோகனசுந்தரத்துக்குத் தன் ஊரும் தாயும் தாலி கட்டிய மனைவி சந்திராவும் அருவருப்பாகத் தெரிகிறார்கள். காந்தா என்னும் தாசியிடம் சொத்தையெல்லாம் இழக்கிறான். தொழுநோய் பிடிக்கிறது, காந்தா துரத்துகிறாள், பார்வையும் போகிறது. தெருவில் கையேந்துகிறான். நண்பன் பாலுவிடமும், தான் உதறிய மனைவியிடமும் வந்து சேர்கிறான்.

சுருக்கிச் சொன்னால் இது நீதிக் கதை. கூடாவொழுக்கத்துக்குக் கூலி கிடைத்தது என்று முடித்துவிடலாம். ஆனால் திரையில் நிகழ்வது அதுவன்று. முதல் பாதியில் மோகன் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் திமிரின் உச்சம். வெளிநாட்டுப் பெருமை, ஏழையைக் கண்டால் மூக்கைப் பொத்தும் மேட்டிமை. அரங்கம் அவனை வெறுத்தபடியே சிரிக்கிறது. இரண்டாம் பாதியில் அவன் அழுகிக்கொண்டிருக்கிறான். திமிர் மட்டும் குறையவில்லை. அதே நாக்கு இப்போது பிச்சைக்காரனின் நாக்காகி, தருமம் செய்கிறவனின் கணக்கையும் பக்தனின் பேரத்தையும் பணக்காரனின் வெட்கமின்மையையும் கிழிக்கிறது. செல்வந்தனாக இருந்தபோது அவன் சொன்னது அகம்பாவம். பிச்சைக்காரனாக அவன் சொல்வதோ உண்மை. குரல் மாறவில்லை, தோரணை மாறவில்லை. அவன் நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

சி.எஸ். ஜெயராமன் பாடிய புகழ்பெற்ற சோகப் பாடலைக் கவனித்துக் கேட்டால் இது விளங்கும். பாட்டு கம்பீரமாக உபதேசம் செய்கிறது. இடையிடையே ராதாவின் கரகரத்த பேச்சு குறுக்கிடுகிறது. உபதேசத்தைக் கேட்டுக் கண்கலங்க ஆயத்தமாகும் ரசிகனை அந்தக் குறுக்குப் பேச்சு இழுத்துப் பிடிக்கிறது. அழவும் விடவில்லை, சிரிக்கவும் விடவில்லை.

எங்கள் பகுதியில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து துரியோதனன் ஆர்ப்பரிக்கும்போது பக்கத்தில் கட்டியங்காரன் நிற்பான். ராஜாவைப் புகழ்வதே அவன் வேலை. ஆனால் புகழ்ந்துகொண்டே காலை வாருவான். நடுநிசியில் பாரதத்தை நிறுத்திவிட்டு ஊர்ப் பெரியவர்களின் கணக்கு வழக்கையும் இழுப்பான். முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பெரியவர்களும் சிரித்தாக வேண்டும். ராதா செய்த புதுமை என்னவென்றால் ராஜாவையும் கட்டியங்காரனையும் ஒரே ஆளாக்கியதுதான். துரியோதனனே வீழ்ந்து, தன் வீழ்ச்சிக்குத் தானே கட்டியம் கூறுகிறான்.

இதற்கு ஏழாண்டுகளுக்கு முன் சாப்ளின் 'மான்சியூர் வெர்டூ' எடுத்திருந்தார். பணத்துக்காகப் பெண்களை மணந்து கொல்பவன் அதன் நாயகன். அவனும் கடைசியில் சமூகத்தை நோக்கித்தான் விரல் நீட்டுகிறான். அமெரிக்காவில் அப்படம் தோற்றது, கண்டனங்களும் எழுந்தன. 'ரத்தக்கண்ணீர்' இங்கே கொண்டாடப்பட்டது. தெலுங்கு மேடையில் நாகபூஷணம் இந்த நாடகத்தை நடித்து நடித்து அதன் பெயரையே தம் பெயருக்கு முன்னொட்டாகப் பெற்றார். 2003இல் உபேந்திரா நடிக்க, கன்னடத்திலும் படமானது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தொழுநோயை ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகக் காட்டியது பெரும் பிழை. அது பாக்டீரியாவால் வரும் நோய், எளிதில் தொற்றாதது. படம் வெளியான காலத்திலேயே செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாப்சோன் மருந்து பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகிறது. நோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டதோ 2016இல்தான். மூடநம்பிக்கையை வாழ்நாளெல்லாம் எதிர்த்த ஒரு கலைஞர், நோய் என்பது பாவத்தின் சம்பளம் என்ற பழைய மூடநம்பிக்கைக்கு இப்படியொரு ஆற்றல்மிக்க உருவம் கொடுத்துவிட்டார். காந்தா பாத்திரமும் அப்படியே. பணம் உள்ளவன் வந்தான், போனான். பழி மட்டும் அவள்மீது நிலைத்தது. அவ்வேடத்தை ஏற்ற எம்.என். ராஜம், ராதாவை எட்டி உதைக்கும் காட்சியில் தயங்கியதையும், ராதாவே வற்புறுத்தி உதைக்கச் செய்ததையும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தம்மை இவ்வளவு கீழே தள்ள ஒப்பிய நடிகர், அந்தப் பெண் பாத்திரத்துக்கு ஒரு நியாயமும் தரவில்லை.

எனினும் முடிவில் படம் ஒரு தாவு தாவுகிறது. சாகும் தறுவாயில் மோகன் தன் மனைவியைத் தன் நண்பனுக்கு மணம் செய்துவைக்கிறான். இந்து திருமணச் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டில், கணவன் உயிரோடிருக்கையிலேயே ஒரு மனைவிக்கு மறுமணம்! கற்பு பற்றிய அத்தனை வசனங்களையும் அக்காட்சி தூக்கி எறிகிறது. அவ்விடத்தில் பேசுவது தங்கராசுவும் ராதாவும் மட்டுமல்லர், சுயமரியாதை இயக்கமே பேசுகிறது.

சங்கராபுரத்திலிருந்து எழுதக் காரணம் உண்டென்றேன். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வை நரம்பைத் தாக்குகிறது. பிழைத்தவர்களிலும் கண் மங்கியவர்கள் உண்டு. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலைக்குப் போனவர்கள். அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. அறிவிப்பு வந்த அன்றே கைபேசிகளில் கேலிப் படங்கள் வலம்வரத் தொடங்கின. குடித்துச் செத்தால் லட்சாதிபதி என்பதாக அமைந்தது அவற்றின் நகைச்சுவை. படித்தவர்கள் அனுப்பினார்கள்; படித்தவர்கள் சிரித்தார்கள். இதுவும் மரணத்தை வைத்த சிரிப்புதான். அவல நகைச்சுவை என்றே பெயரும் சூட்டலாம்.

அப்போதுதான் ராதாவை நான் மீண்டும் நினைத்தேன். அவர் அழுகவைத்தது யாரை? கூலிக்காரனை அல்லன். சீமைப் படிப்பும் சொத்தும் உள்ளவனை அழுகவைத்தார். சமூகத்தின் ஒழுக்கச் சிதைவைக் காட்ட வேண்டுமானால் சிதைவு எங்கிருந்து தொடங்குகிறதோ அவ்விடத்து ஆளைத்தான் மேடையேற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. கருணாபுரத்துக் கதையை ராதா நாடகமாக்கியிருந்தால் அதில் குடித்துச் செத்தவன் நகைப்புக்குரியவனாக இருந்திருக்க மாட்டான். மெத்தனால் வாங்கி விற்றவன், எல்லாம் தெரிந்தும் தெரியாதது போலிருந்தவன், கேலிப் படத்தை அனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போனவன் ஆகியோருள் ஒருவனைத்தான் அவர் தம் வேடமாகத் தேர்ந்திருப்பார். கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிக்கப்பட்டதாகச் செய்தி படிக்கும்போதெல்லாம், மலையில் பிழைப்பு ஏன் அப்படி ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. சாவுகளுக்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து மலைமக்களின் நிலையை விசாரித்தது. வழக்கு சிபிஐக்குப் போனது.

'ரத்தக்கண்ணீரு'க்குப் பிறகு ராதாவைத் திரை விடவில்லை. 'பாகப்பிரிவினை' (1959), 'பாவ மன்னிப்பு' (1961), 'பலே பாண்டியா' (1962), 'புதிய பறவை' (1964) என நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். வில்லனையும் கோமாளியையும் ஒருவராக்கிய அவருடைய பாணிக்குத் தயாரிப்பாளர்கள் வரிசையில் நின்றார்கள். இவற்றில் பல படங்களில் அவர் வரும் காட்சி மட்டுமே இன்று பார்க்கத்தக்கதாக மிஞ்சியிருக்கிறது. ஆயினும் மேடையில் ஊரைக் குத்திய ஊசியைத் திரையில் சற்றே மழுக்கித்தான் வைத்திருந்தார் என்பேன்.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடந்தது நாடறிந்தது. எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், ராதாவின் உடலிலும் குண்டு பாய்ந்திருந்தது. கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். இருக்கும் படம் தேர்தல் களத்தில் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. அத்தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, மருத்துவமனையிலிருந்தே எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் வென்றார். ராதாவுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அச்செயலை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை, தேவையும் இல்லை. ஆனால் அந்த ஒரு மாலை, அதற்கு முந்தைய நாற்பதாண்டு உழைப்பைப் பொதுநினைவிலிருந்து ஏறக்குறைய துடைத்துவிட்டது. இன்றைய இளைஞர் பலருக்கு அவர் சுட்டவர், அவ்வளவே.

1971இல் விடுதலையானார். விந்தன் அவரைச் சந்தித்துப் பேசி எழுதிய 'சிறைச்சாலைச் சிந்தனைகள்' தினமணி கதிரில் தொடராக வந்தது. மேலே நான் சொன்ன இளமைக் கால நிகழ்ச்சிகள் பலவும் நமக்குக் கிடைத்திருப்பது ராதா வாய்திறந்து பேசிய இத்தகைய இடங்களிலிருந்துதான். படிப்பறியாத ஒருவர் எவ்வளவு பார்த்திருக்கிறார், எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்பதற்காகவே அந்நூலைப் படிக்கலாம். தம்மைப் பற்றிய கதைகளில் அவர் தம்மைத் தூக்கி வைப்பதில்லை. மோகனசுந்தரத்தைப் பார்ப்பது போலவே தம்மையும் ஓரக்கண்ணால் பார்க்கிறார்.

வெளியே வந்தபின் 'சமையல்காரன்' (1974) முதலான சில படங்களில் நடித்தார். வயது அறுபத்தைந்தைக் கடந்திருந்தது. திரையின் சுவை மாறியிருந்தது. பழையபடி மேடைக்கே போனார். ஊர் ஊராக மறுபடியும் கொட்டகை எழுந்தது. மோகனசுந்தரத்துக்கு ஒப்பனை போட்டுக்கொள்ளும்போது புண்ணும் வீக்கமும் வரைய வேண்டியிருந்தது. நரையை மட்டும் வரையத் தேவையில்லாமல் போயிற்று.